தோலும் ஜேர்மானியமும்

மட்டக்களப்புக் கல்லடியில் நண்பர் ஒருவரின் மேசையில் அன்று இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, கிற்றார்காரர் காலால் மிதித்து ஒலியைக் கரகரக்க வைக்கும் ‘ஃபஸ்’ பெடல். அமெரிக்காவில் ஒரு சிறு பட்டறையில் கையால் செய்தது. மற்றது, கூத்துப் பழக்கத்துக்குப் போய்வந்த மத்தளம். பெடலின் அடிமூடியைக் கழற்றியதும் பக்கத்தில் நின்ற பொடியன் கேட்டான்: “அண்ணன், உள்ளுக்க ஒண்டுமே இல்லையே, இதுக்கா இவ்வளவு காசு?”

அவன் கேட்டது சரிதான். 1966இல் லண்டனில் வெளிவந்து ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் புகழ்பெற்ற ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலின் வழிவந்த சுற்று அது. மூலச் சுற்றில் இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு தடையி, மூன்று கொள்ளளவி, திருகுவதற்கு இரண்டு குமிழ். மொத்தமே பதினொரு உறுப்புகள். சுற்றின் வரைபடமும் எல்லார் கைக்கும் கிடைக்கிறது. உறுப்புகளைக் கூட்டிப் பார்த்தால் விலையின் ஒரு மூலைகூட நிரம்பாது.

மத்தளத்தையும் அப்படிக் கூட்டிப் பார்க்கலாம். ஒரு மரக்கட்டை, கொஞ்சம் தோல், வார். அவ்வளவுதான். ஆனால் மத்தளத்தை யாரும் அப்படிக் கூட்டுவதில்லை, தோலுக்குத் தோல் வேறு என்று நமக்குத் தெரியும். ஆட்டின் வயது, தோலின் தடிப்பு, அது காய்ந்த விதம் எல்லாம் நாதத்தில் வந்து நிற்கும். மத்தளத்தின் நெருங்கிய உறவான மிருதங்கத்தில் வலந்தலையின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டத்தைப் பாருங்கள். கரணை என்பார்கள். இரும்புச்சத்துள்ள கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாக இட்டு, வழுவழுப்பான கல்லால் தேய்த்து, காயவிட்டு, அதன்மேல் இன்னொன்று. இப்படிப் பூச்சு மேல் பூச்சாக ஏறும். நடுநடுவே விரலால் தட்டிக் கேட்பார்கள். எந்தப் பூச்சோடு நிறுத்துவது என்பதை அளவுகோல் சொல்லாது.

பெடலில் உள்ள, ஜேர்மானியம் என்ற தனிமத்தாலான டிரான்சிஸ்டரும் தோலைப் போன்றதுதான் என்றால் மின்னியல் படித்தவர்கள் கோபிக்கக்கூடாது. ஒரே இலக்கம் பொறித்த இரண்டு துண்டுகள்கூட ஒரே அளவில் ஒலியைப் பெருக்குவதில்லை. சில துண்டுகளில் மின்னோட்டம் வீணே கசியும். ஃபஸ் ஃபேஸுக்கு முதலாவது துண்டின் பெருக்கம் எழுபதுக்கு அண்மையிலும் இரண்டாவதன் பெருக்கம் நூறைத் தாண்டியும் இருந்தால் நல்லது என்பது செய்பவர்களிடையே வழங்கும் கணக்கு. அதற்குப் பழைய டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கி, ஒவ்வொன்றாகக் கருவியில் அளந்து, கசிவைக் கழித்து, சோடி சேர்த்து, கிற்றாரைச் செருகிக் கேட்டு, பிடிக்காததை ஒதுக்கவேண்டும். ஒதுக்கியதற்கும் காசு கொடுத்தாயிற்று. தொழிற்சாலையோ உறுப்புகளைச் சுருள் சுருளாக வாங்கும், இயந்திரமே அவற்றைப் பலகையில் பதிக்கும். ஒதுக்கும் வேலை அங்கே மிகக் குறைவு.

எங்கள் வாவிக்கரையில் இரண்டுக்கும் சோதனை உண்டு. வாடை பெயர்ந்து மழை பிடித்தால் மத்தளத்தின் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும், வாரை இழுத்து இழுத்துச் சுதி சேர்க்கவேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜேர்மானியத்துக்குக் கேடு. சூடு ஏற ஏறக் கசிவு கூடி ஒலி அடைத்துப்போகும். நல்ல பட்டறைக்காரர் இதை முன்னறிந்து, உள்ளே சிறிதாகத் திருகிச் சரிசெய்ய ஒரு வழி வைத்திருப்பார். நண்பரின் பெடலிலும் அது இருந்தது. நான் மதிப்பது அந்தச் சிறு திருகைத்தான்.

எல்லா விலையையும் நான் ஏற்கவில்லை. பழகிய சுற்றுக்குப் புதுச் சாயமும் புதுப் பெயரும் இட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். கைமாறும் விலை வேறு கதை. பில் ஃபினெகன் என்ற அமெரிக்கர் 1994 முதல் 2008 வரை ஏறத்தாழ 8,000 ‘குளொன் சென்டோர்’ பெடல்களைக் கையால் செய்தார். வகுத்துப் பார்த்தால் வாரத்துக்குப் பதினொன்று. அவை இன்று ஆயிரக்கணக்கான டொலருக்குக் கைமாறுகின்றன. அந்தக் காசு செய்தவருக்குப் போவதில்லை, வைத்திருந்து விற்பவருக்கே போகிறது. அதை உழைப்பின் விலையோடு சேர்க்கக்கூடாது. இங்கு வாங்குபவருக்கு இன்னொரு சுமை. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. 300 டொலர் பெடல் 60,000இலிருந்து இலட்சத்தைத் தாண்டியது, தீர்வையும் தபால் செலவும் சேர்க்காமலே. பறங்கியர் வீடுகளில் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்குக் கிற்றார் மீட்டிவந்த ஊர் இது, வாத்தியம் எங்களுக்குப் புதிதல்ல. அந்த விலைதான் கைக்கெட்டாதது.

ஆனால் என் மனதை அறுப்பது மத்தளத்தின் விலை. பெடல் செய்பவர் தன் காதுக்கும் ஒதுக்கித் தள்ளியவற்றுக்கும் சேர்த்து விலை சொல்கிறார், வாங்குபவர் பெயரைக் கேட்டே வாங்குகிறார். தோல் வேலைக்காரரிடம் நாம் தோலுக்கும் ஒரு நாள் கூலிக்கும்தான் கணக்குப் பார்க்கிறோம். மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் பேசிய அளவுக்கு அவருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்தைப் பேசியவர்கள் சிலரே. பர்லாந்தின் தஞ்சாவூர்த் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தையும் அவர்களைப் போன்ற தொழிலாளர்களையும் பற்றி பாடகர் டி. எம். கிருஷ்ணா ‘செபஸ்டியன் அன்ட் சன்ஸ்’ என்று ஒரு முழுநூல் எழுதி வெளியிட்டது 2020இல்தான். தோலைத் தொடும் கைக்குச் சாதி ஒரு விலை வைத்தது. அது குறைந்த விலை.

பெடலை மூடித் திருகியபோது உள்மூடியில் பேனையால் எழுதிய தொடர் இலக்கமும் செய்தவரின் கையெழுத்தும் தெரிந்தன. மத்தளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எதுவுமில்லை. யார் தோல் கட்டியது என்று நண்பரிடம் கேட்டேன். அவர் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்குக் கோல் எடுத்தார். அண்ணாவியார் பெயரைச் சொன்னார், ஊரையும் சொன்னார், பிறகு அந்த மனிதர் ஒரு தோலைக் கையில் எடுத்ததும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கும் விதத்தை வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.