வீட்டில் அறிவியல்: திண்ணை முதல் அட்டைகள் வரை

பி.காம். படிப்பவனுக்கு அறிவியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது அறிவியல் கட்டுரை இல்லை, வரலாற்றுக் கட்டுரைதான் :)

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. அந்த ஒன்றரை வருடம் எல்லா வீடும் பள்ளிக்கூடம். இரண்டாம் வகுப்பில் ஒன்று, ஐந்தில் ஒன்று, எட்டில் ஒன்று என மூன்று பிள்ளைகள் இருந்தால் அறிவியலை எந்தப் புத்தகத்தை வைத்துச் சொல்லிக் கொடுப்பது? பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோருக்கு இது இன்றும் தினசரிக் கேள்வி. ஆனால் கேள்வி புதிதல்ல, ரொம்பப் பழையது.

நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வகுப்பு என்று தனித்தனியாகக் கிடையாது. சிறியவன் மணலில் அகரம் எழுதுவான், பெரியவன் எண்சுவடி ஒப்பிப்பான். வாத்தியார் ஒருவர்தான், அவருக்கு உதவியாகச் சட்டாம்பிள்ளை. 1789-ல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். பெரிய பையன்களை வைத்துச் சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் தன் இல்லத்தில் நடத்தினார். 1797-ல் அதைப் பற்றி லண்டனில் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அதற்குப் பெயரே 'மெட்ராஸ் முறை'! ஆனால் திண்ணையில் எழுத்தும் கணக்கும் நீதி நூல்களும் இருந்தன, இன்று நாம் சொல்லும் அறிவியல் பாடம் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க நினைத்தவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர். ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ம் தேதி பிறந்த ராஜாஜி. சேலத்தில் வக்கீலாக இருந்தபோது, 1916-ல் தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்க நண்பர்களோடு ஒரு சங்கம் தொடங்கினார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானவியல், கணிதம் எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் தேடினார்கள். பிறகு 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகமும் எழுதினார். அந்தப் பெயரைப் பாருங்கள்.. ரசாயனம் கல்லூரியில் மட்டும் இல்லை, திண்ணைக்கும் வரலாம்!

அதே ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1953-ல் இன்னொரு திட்டம் கொண்டு வந்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம்தான் படிப்பு. மீதி நேரம் பெற்றோரிடம் அவர்கள் தொழிலைக் கற்க வேண்டும். அதே கட்டடம், அதே ஆசிரியர், இரண்டு ஷிப்டு, அதிகப் பிள்ளைகள். வணிகவியல் மாணவனாகச் சொல்கிறேன், செலவுக் கணக்கு சரிதான். ஆனால் குயவர் பிள்ளைக்குப் பாதி நாள் பானை, சலவைத் தொழிலாளி பிள்ளைக்குப் பாதி நாள் துணி என்றால் அது எங்கே போய் முடியும்? பெரியாரும் தி.மு.க.வும் 'குலக்கல்வி' என்று எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. தொரப்பள்ளி முன்சீப்பின் மகன் ஓசூரில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குப் போய், 1948-ல் கவர்னர் ஜெனரல் வரை உயர முடிந்தது அப்பா வேலையை மட்டும் கற்றுக்கொண்டதால் அல்லவே!

எனக்குத் தோன்றுவது இதுதான். வீட்டுக்குள் அறிவியலைக் கொண்டு வருவது வேறு, வீட்டுத் தொழிலுக்குள் பிள்ளையை நிறுத்துவது வேறு. ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்ப்பவர் வீட்டுப் பிள்ளை, பறித்த பூவை ஏன் குளிரில் வைக்கிறோம் என்று கேட்பது நல்ல ஆரம்பம். பாடம் ரோஜாவோடு முடிந்துவிடக் கூடாது.

சரி, பல வயதுப் பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலி பள்ளியினர், சுற்றியுள்ள கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகள் நடத்தினார்கள். பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிப்படியாக ஏறும்படி செய்தார்கள். அதைப் பார்த்துத்தான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. நான்கு வகுப்புப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்தார்கள். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது வயதை வைத்து அல்ல, பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்து.

இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. தலைப்பு ஒன்று, கேள்வி மூன்று. உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னது உப்பு கரைகிறதா, மணல் கரைகிறதா என்று பார்க்கட்டும். நடுவில் இருப்பது உப்புநீரை வெயிலில் வைத்து உப்பைத் திரும்ப எடுக்கட்டும். பெரியது 100 மி.லி. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரையும் என்று அளக்கட்டும் (சுமார் 36 கிராம் வர வேண்டும்).

2. பெரிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்று தெரியும்.

3. சொல்லிக் கொடுப்பவருக்குப் புரிகிற மொழியில் புத்தகம் வேண்டும். 1916-லேயே யோசித்த விஷயம் இது. அரசின் தமிழ்ப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

4. எட்டாம் வகுப்பைத் தாண்டினால் இந்தக் கூட்டுப் பாடம் போதாது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதானால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதற்கு முன்பே பெரிய பிள்ளைக்குத் தனிப் புத்தகம், தனி நேரம் ஒதுக்கிவிட வேண்டும்.

ஆக, விலை உயர்ந்த பாடத்திட்டமா, வெளிநாட்டுப் பாடத்திட்டமா என்பதை அப்புறம் பார்க்கலாம். இந்தப் புத்தகம் என் பிள்ளையை என் வீட்டைத் தாண்டிக் கூட்டிப் போகுமா? முதலில் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.