செட்டியார் மூலதனத்தின் வளர்ச்சியும் தளர்ச்சியும்: கொழும்பு, இரங்கூன் அனுபவங்கள் பற்றிய ஒரு நோக்கு

வர்த்தக நிறுவனங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் தோற்றத்தையும் வீழ்ச்சியையும் விரிவாகக் கூறுவர். இவ்விரண்டுக்கும் இடையில், தொழில் செழித்திருந்த வேளையில் முதலாளிகள் எடுத்த முடிவுகள் அத்துணை கவனத்தைப் பெறுவதில்லை. பெருகிய இலாபத்தை எதில் இடுவது, பிறர் பணத்தை எவ்வளவு ஏற்பது, தொலைவிலுள்ள கிளையை யாரிடம் ஒப்படைப்பது, பழகிய தொழிலை எப்போது மாற்றுவது என்பன அத்தகைய முடிவுகளாம். முயற்சியாளனின் உண்மையான சோதனை நெருக்கடியில் அன்று, செழிப்பிலேயே தொடங்குகின்றது. இக்கருத்தை ஆராய்வதற்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வரலாறு சிறந்த களமாகும். 1930களின் பொருளாதார மந்தமும் உலகப் போரும் அவர்களை வீழ்த்தின என்பது பொதுவான கூற்று. அது பொய்யன்று, எனினும் முழு விளக்கமுமன்று.

செட்டிநாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து புறப்பட்ட இச்சமூகத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய ஆட்சி பரவிய வழியே இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளில் தம் தொழிலை விரித்தனர். ‘விலாசம்’ எனப்பட்ட முதலெழுத்துக்களால் அறியப்பட்ட குடும்ப நிறுவனமே அவர்களது தொழிலின் அலகு. முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். கடல் கடந்த கடையை மேலாள் ஒருவர் ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் நடத்துவார். அவருக்குச் சம்பளத்துடன் இலாபத்திலும் பங்குண்டு. அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அவரிடம் தொழில் பழகுவர். பல விலாசங்கள் ஒரே கிட்டங்கியில் அருகருகே அமர்ந்து தொழில் செய்தமையால், ஒருவரது நாணயம் மற்றவர்க்கு மறைவாக இருக்கவில்லை. இரங்கூனில் அவர்கள் கோயிலிற் கூடி நடப்பு வட்டியை மாதந்தோறும் நிர்ணயித்தனர்.

இவ்வமைப்பின் வலிமை வெளிப்படையானது. எழுத்துறுதியை விட உறவும் நாணயமும் உறுதியான பிணையாக விளங்கின. ஐரோப்பிய வங்கிகள் எட்டிப் பார்க்காத ஊர்களிலும் செட்டியார் கடை திறக்கப்பட்டது. ஆயின் அதே அமைப்பில் இரு பலவீனங்களும் உறைந்திருந்தன. குடும்பத்தின் முழுச் சொத்தும் தொழிலின் கடனுக்குப் பொறுப்பாக இருந்தது. அன்றியும், குறித்த தவணைக்குள் இலாபங் காட்ட வேண்டிய மேலாளுக்குக் கடன் கொடுத்தலே முன்னேற்றமாகத் தோன்றியது. கொடாமல் நிறுத்துதல் அவ்வாறு தோன்றவில்லை.

கொழும்பில் இப்பலவீனம் ஒரு விதமாக வெளிப்பட்டது. செட்டியார் தெருவை மையமாகக் கொண்ட வர்த்தகர் அரிசி இறக்குமதிக்கும் சில்லறை வியாபாரத்துக்கும், பின்னர் தென்னை முதலான பயிர்ச்செய்கைக்கும் பணம் உதவினர். இங்கிருந்த பிரித்தானிய வங்கிகள் இலங்கையருக்கு நேரடியாகக் கடன் வழங்க முன்வருவது அரிது. அவை செட்டியார்களுக்குக் குறைந்த வட்டியில் வழங்கின. செட்டியார்கள் அதனைக் கூடிய வட்டிக்குச் சுதேச வர்த்தகருக்கும் நிலவுடைமையாளருக்கும் வழங்கினர். இடையில் வங்கியின் சிறாப்பர் கடனாளிக்குப் பிணை நின்றார். சொந்த முதலை மட்டும் நம்பியிருந்தால் எட்டியிருக்க முடியாத வளர்ச்சியை இவ்வழி எளிதாக்கிற்று. ஆயினும் வங்கி கேட்டவுடன் திருப்பவேண்டிய பணம், உடனே திரும்பிவராத தோட்டங்களிலும் கடைச் சரக்குகளிலும் முடங்கியது. வளர்ச்சியின் கடிவாளம் வங்கியின் கையிற் சென்றடைந்தது.

1925இல் இதன் விளைவு தெளிவாயிற்று. அவ்வாண்டு செட்டியார் நிறுவனமொன்று முறிந்தது. அச்சங்கொண்ட வங்கிகள் ஏனைய நிறுவனங்களுக்கும் கடனைச் சுருக்கின. நாணயமுள்ளோரும் அல்லாதோரும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டனர். ஒருவரையொருவர் தாங்கிய கூட்டு நம்பிக்கையே கூட்டுச் சந்தேகமாக மாறியது. சில ஆண்டுகளுள் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. பிணையாக இருந்த தோட்டங்கள் செட்டியார் கைக்கு வந்தன. ஆனால் விளைபொருளின் விலை வீழ்ந்திருந்த வேளையில் அவை சொத்தாக அன்றிச் சுமையாகவே அமைந்தன. இந்நெருக்கடியால் இலங்கையரும் பாதிக்கப்பட்டனர். செட்டியாரின் வட்டியைக் குறைகூறிய வர்த்தகருக்கு, அவர் கடன் நின்றபோது வேறு வாயில் இருக்கவில்லை. சொராப்ஜி பொச்கான்வாலாவின் தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழு 1934இல் தன் அறிக்கையை வெளியிட்டு, அரச உதவியுடன் ஒரு வங்கியை நிறுவப் பரிந்துரைத்தமையும், 1939 ஆகஸ்டில் இலங்கை வங்கி தோன்றியமையும் இப்பின்னணியிலேயே நோக்கப்படவேண்டும்.

பர்மாவில் நிகழ்ந்தது வேறு வகையானது. 1852இல் கீழ்ப் பர்மா பிரித்தானியர் வசமான பின்னர் ஐராவதிக் கழிமுகம் உலகின் நெற்களஞ்சியமாக மாறியது. காடாகக் கிடந்த நிலத்தைத் திருத்துவதற்கு விவசாயிக்குப் பணம் தேவைப்பட்டது. 1876ஆம் ஆண்டின் நிலச் சட்டம், தொடர்ந்து பன்னிரண்டாண்டுகள் பயிரிட்டவருக்கு உரிமையளித்தமையால், அந்நிலம் ஈடு வைக்கக்கூடிய பொருளாயிற்று. செட்டியார்கள் ஏனைய உள்ளூர் வட்டிக்காரரிலும் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தனர். 1929–30ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்த பர்மிய வங்கி விசாரணைக் குழு, அங்கு அவர்கள் இட்டிருந்த முதலை ஏறத்தாழ 75 கோடி ரூபாவென மதிப்பிட்டது. அதிற் பெரும்பகுதி அவர்களது சொந்தப் பணமாகும்.

எனவே கொழும்பின் தவறு இங்கு நிகழவில்லை. ஆயின் சொந்தப் பணமும் ஒரே கூடையில் இடப்பட்டிருந்தது. ஒரு நாடு, ஒரு பயிர், ஒரு வகைப் பிணை என்பதே பர்மிய விரிவின் இயல்பு. நெல்விலை உயர்ந்திருந்த காலமெல்லாம் இதில் ஆபத்து இருப்பதாகத் தோன்றவில்லை. 1930இலிருந்து நெல்விலை ஏறத்தாழ அரைவாசியாக வீழ்ந்தபோது, விவசாயியால் வட்டியையும் கட்ட இயலவில்லை. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நிலத்தின் 6 வீதமே செட்டியார்களிடம் இருந்தது; 1937இல் அது 25 வீதமாக உயர்ந்தது. நிலத்தை ஆள்வது அவர்களது நோக்கமன்று. பணத்தை மீட்க முயன்றவர்கள் தாம் விரும்பாமலே நிலவுடைமையாளராயினர்.

விரும்பாமல் நேர்ந்ததெனினும், நிலத்தை இழந்த விவசாயிக்கு அவ்வேறுபாடு பொருளற்றது. தன் தந்தை காடு வெட்டித் திருத்திய வயலில் அவன் குத்தகையாளனாக நின்றான். 1930 டிசெம்பரில் சாயா சான் தலைமையில் மூண்ட கிளர்ச்சிக்கு வரிச்சுமையும் விலைவீழ்ச்சியும் பின்னணியாயின. நிலப் பிரச்சினை பர்மிய தேசிய இயக்கத்தின் முதன்மையான குறைபாடாயிற்று. ஐந்தொகையில் வரவாக எழுதப்பட்ட நிலம், அரசியலில் பெருங் கடனாக ஏறிக்கொண்டிருந்தது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது செட்டியார்கள் பலர் அனைத்தையும் விட்டுத் தாயகம் திரும்பினர். சுதந்திர பர்மா 1948இலும் 1953இலும் இயற்றிய நிலச் சட்டங்கள் எஞ்சிய உரிமையையும் நீக்கின.

எல்லோரும் ஒரே வழியிற் செல்லவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று நகரங்களிலும் ஒரே நாளில் அதனைத் திறந்தார். குடும்ப விலாசத்தின் தொழில் பங்குடைமைக் கம்பனியின் தொழிலாக அங்கு உருமாறியது. 1900இல் மௌல்மேனில் வட்டித்தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பத்தினர், போர் பர்மாவை எட்டுமுன்னரே தம் முதலைத் தாயகத்துக்குத் திருப்பிக் கைத்தொழிலில் ஈடுபட்டனர். 1949இல் சைக்கிள் உற்பத்தியிலும் இறங்கினர். இவர்கள் பெற்றிருந்த செய்தி ஏனையோர்க்குக் கிட்டாததன்று. இலாபம் தரும் தொழிலிலிருந்து கையை எடுக்கும் துணிவே இவர்களை வேறுபடுத்தியது.

இவ்விரு நகரங்களின் அனுபவத்தையும் ஒருசேர நோக்கும்போது சில உண்மைகள் தெளிவாகின்றன. குறுகிய காலக் கடனை நீண்டகால முதலீட்டில் இடுவது ஆபத்தானது என்பதைக் கொழும்பு காட்டிற்று. சொந்த முதலும் ஒரே பயிரில் தங்கினால் பாதுகாப்பாகாது என்பதை இரங்கூன் காட்டிற்று. இவ்விரண்டும் கணக்கியலறிந்தோர் எளிதில் உணரக்கூடியவை. மூன்றாவது உண்மை கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை. ஒரு நிறுவனம் தான் வளரும் மண்ணின் மக்களோடு எத்தகைய உறவை உண்டாக்குகின்றது என்பதும் அதன் வளர்ச்சித் தீர்மானங்களுள் ஒன்றேயாம். செட்டியார்கள் தம்மவரிடையே நம்பிக்கையை ஈடிணையற்ற முறையிற் கட்டியெழுப்பினர். அந்நம்பிக்கை கிட்டங்கியின் வாயிலைத் தாண்டி, கடன் பெற்றவன் வயல்வரை சென்றிருக்குமாயின் அவர்களது வரலாறு வேறு விதமாக அமைந்திருக்கக் கூடும். வட்டியின் வீதத்தை மாதந்தோறும் நுணுகிக் கணித்தவர்கள், வெறுப்பு வளர்ந்த வீதத்தைக் கணியாது விட்டமையே அவர்களது பெருநட்டமாயிற்று.