ஆழித்தேரும் முட்டுக்கட்டையும்

நன்னிலத்தில் புகைவண்டி ஏறித் தெற்கே சென்றால் சிறிது நேரத்தில் திருவாரூர் வந்துவிடும். தேர்ச் சக்கரத்தில் ஓர் ஆன்கன்று சிக்கி மாண்டதும், அதற்காக மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதும் அவ்வூரில் நிகழ்ந்தனவாகச் சேக்கிழார் பாடியிருக்கிறார். அரசனின் நீதியைப் பலரும் பேசுவர். ஓடும் தேரை நினைத்த மாத்திரத்தில் நிறுத்த முடியாது என்ற பௌதிக உண்மையும் அக்கதையில் அடங்கியிருக்கிறது.

அவ்வூர் ஆழித்தேர் அலங்காரத்துடன் 96 அடி உயரம். எடை ஏறத்தாழ 300 டன். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்தும் முதலில் அது அசைவதில்லை. இதற்குச் சடத்துவமே காரணம் என்று மாணவர் எழுதுவதுண்டு. இன்றைய நூல்கள் அதை நிலைமம் என்கின்றன. பெயர் எதுவாயினும் அவ்விடை பாதிதான் சரி. சடத்துவம் அசைவைத் தடுப்பதில்லை. வேகம் மெல்லத்தான் வளரும் என்று மட்டுமே அது விதிக்கிறது. அசையவிடாமல் பிடித்து வைப்பது அச்சிலும் மண்ணிலும் உள்ள உராய்வு. நின்ற பொருளின் உராய்வு ஓடும் பொருளின் உராய்வைவிட மிகுதி. ஆகவேதான் தேர் ஒருமுறை பெயர்ந்துவிட்டால் வடம் சற்று இலகுவாகிறது. ஆபத்தும் அப்போதே தொடங்குகிறது.

1687-இல் நியூட்டன் தம் பெருநூலில், பொருளின் நிறையையும் வேகத்தையும் பெருக்கி வரும் அளவையே இயக்கத்தின் அளவாகக் கொண்டார். நாம் அதை உந்தம் என்கிறோம். தேர் விநாடிக்கு அரை மீட்டர் நகர்வதாகக் கொள்வோம். இது குழந்தையின் நடை வேகம். 3,00,000 கிலோகிராமை அரையால் பெருக்க 1,50,000 வருகிறது. 10 டன் பேருந்து மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும் அதே உந்தந்தான். 15,000 நியூட்டன் விசை பத்து விநாடியில் இரண்டையும் நிறுத்தும். ஆயினும் அதற்குள் தேர் இரண்டரை மீட்டரும் பேருந்து 75 மீட்டரும் சென்றிருக்கும். உந்தம் ஒன்றேயாயினும் இயக்க ஆற்றலில் பேருந்து முப்பது மடங்கு பெரிது.

இங்கேதான் நம் தச்சர்களின் அறிவு புலப்படுகிறது. அவர்கள் இக்கணக்கை எழுதியதில்லை. ஆனால் சக்கரத்தின் முன் ஆப்பு வடிவான முட்டுக்கட்டையை இட்டார்கள். சக்கரம் அதன்மீது ஏறும்போது தேரின் ஆற்றல் உயரமாக மாறுகிறது. நாம் கொண்ட வேகத்தில், வடம் தளர்ந்த நிலையில், தேர் முழுவதும் 1.3 சென்டிமீட்டர் உயர்ந்தாலே போதும், நின்றுவிடும். அப்பேருந்தை இம்முறையில் நிறுத்த வேண்டுமாயின் பதினொன்றரை மீட்டர் உயர்த்த வேண்டும்! ஒரு பக்கத்துச் சக்கரத்திற்கு மட்டும் கட்டை இட்டால் அப்பக்கம் தயங்கும், மறுபக்கம் முந்தும், தேர் திரும்பும். தடையும் சுக்கானும் ஒரே மரத்துண்டில் அமைந்திருக்க, உலக வழக்கில் "முட்டுக்கட்டை போடாதே" என்று அதை ஏசுகிறோம். அது நியாயமன்று.

ஆயினும் கட்டையிடுபவர் உருளும் சக்கரத்தின் அருகிலேயே நடக்க வேண்டும். கை ஒரு கணம் பிந்தினால் உயிர் போகும். பல ஊர்களில் போயும் இருக்கிறது. தேரின் பெருமையைப் பாடியோர் பலர். இவர்களைப் பாடியவரை நான் அறியேன்.

பழைய ஆழித்தேர் 1926-இல் தீக்கிரையாயிற்று. புதிய தேர் 1930-இல் ஓடியது. பின்னர் நெடுங்காலம் நின்றிருந்து, 1970-இல் மீண்டும் வீதிக்கு வந்தது. திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களையும் நீரியல் தடையையும் பொருத்தினர். நெம்புகட்டைகளுக்குத் துணையாகப் புல்டோசர்கள் பின்னிருந்து தள்ளுகின்றன. நீரியல் தடையில் சிறு உருளையில் தரும் அழுத்தம் குறையாமல் பெரிய உருளைக்குப் பரவுகிறது. பரப்பு பெருகிய அளவுக்கு விசையும் பெருகுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதி இது.

தடை வந்ததனால் முட்டுக்கட்டை மறைந்துவிடவில்லை. நேர் வீதியில் நிறுத்தத் தடை உதவும், திருப்ப உதவாது. வீதி முனையில் இரும்புத் தகடுகளைப் பரப்பிக் கிரீஸ் தடவுகிறார்கள். வேண்டிய இடத்தில் உராய்வைக் கூட்டிய அதே மனிதர்கள், அங்கே அதைக் குறைத்துவிட்டு, முந்நூறு டன்னைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு அடுத்த வீதிக்குத் திருப்புகிறார்கள். கட்டைகளுடன் ஆட்கள் இருபுறமும் நிற்கிறார்கள்.