ஆற்றுக்குப் பத்து ரிங்கிட்

சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் என்றொரு தோட்டம். பெயர் தமிழ், நட்டதோ செம்பனை. 1917இல் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கேதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. இலக்கிய வாசகர்களான நாம் அவரை அந்த நாவலுக்காக நினைக்கிறோம். அவர் நட்ட மரம் இந்நாட்டு ஆறுகளை என்ன செய்தது என்பது வேறு கதை. அதில் நம்மாட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

1960களில் ரப்பரை மட்டும் நம்பினால் ஆகாது என்று தோட்டங்கள் பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனைக்கு மாறின. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் வரும். பழுப்பு நிறம், சூடு, புளித்த நாற்றம். அதில் ரசாயன நஞ்சு இல்லை. ஆனால் அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் ஆற்றின் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன் செத்து மிதக்கும். இந்த உறிஞ்சலின் அளவைத்தான் பி.ஓ.டி. என்கிறார்கள். ஆலைக் கழிவில் அது லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம்.

1974இல் மலேசியா சுற்றுச்சூழல் தரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு இந்தியாவிலும் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. அங்கே வாரியத்தின் அனுமதி வேண்டும், மீறினால் வழக்கு. மலேசியா செம்பனைக்கு வேறு வழி பிடித்தது. 1977 விதிகளின்படி ஆலைக்கு உரிமம் கட்டாயம். பி.ஓ.டி. வரம்பு 1978 ஜூலையில் 5,000, அடுத்த ஆண்டு 2,000, பிறகு 1,000, 500, 250, 1984இல் 100. ஆற்றில் விடும் பி.ஓ.டி. சுமைக்கு டன்னுக்குப் பத்து ரிங்கிட் கட்டணம், வரம்பை மீறிய பங்குக்கு நூறு. முதல் ஆண்டு வரம்பு கட்டாயமில்லை: சுத்தம் செய், இல்லாவிட்டால் காசைக் கட்டு.

படித்ததும் கோபம் வருகிறது. ஆற்றுக்கு விலை வைத்துவிட்டார்களே! ஆனால் அந்த ஓராண்டு அவகாசத்தை வெறும் சலுகை என்று தள்ளிவிட முடியாது. கழிவைச் சுத்திகரிக்க நல்ல வழி அப்போது கைவசம் இல்லை. படிப்படியாக இறுகும் வரம்பு முன்கூட்டியே தெரிந்ததால் ஆலைகள் குளம் வெட்டின, கழிவை உரமாக்கின, ஆராய்ச்சிக்குச் செலவழித்தன. உற்பத்தி ஏறிக்கொண்டே போக, ஆற்றில் விழுந்த சுமை பல மடங்கு குறைந்தது. தமிழ்நாட்டில் பாலாற்றைக் கெடுத்த வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996இல்தான் என்பதை நினைத்தால் வித்தியாசம் புரியும்.

இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. கட்டணம் போனது அரசாங்கத்துக்கு. அதே ஆற்றில் குளித்து, துணி துவைத்து, தூண்டில் போட்ட லயத்து ஜனங்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. சட்டம் ஆலையோடு பேசியது, ஆற்றங்கரையோடு பேசவில்லை. ஆறு தேறிவந்த காலத்தில் பல தோட்டங்கள் மேம்பாட்டுக்காகக் கைமாறின. அங்கிருந்தவர்களில் பலர் கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் பலகை வீடுகளுக்கும் பிறகு அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது ஆறு அவர்களுக்குக் குழாயில் வருகிறது, சில நாள் வராமலும் போகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த கழிவால் சிலாங்கூர் ஆற்றுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் 1,292 பகுதிகளுக்குத் தண்ணீர் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரரும் கிள்ளான் அடுக்குமாடிப் பாட்டியும் வாளியோடு நிற்கவேண்டிய காலம் அது. அப்போது நீர் மாசுக்கு உச்ச அபராதம் ஒரு லட்சம் ரிங்கிட். 2024 திருத்தம் அதை ஒரு கோடியாக்கியது.

பெரிய தொகைதான். ஆனால் செம்பனை விதிகள் வென்றது தொகையின் அளவால் மட்டுமில்லை. எந்த ஆண்டு எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை எழுதி வைத்து, உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வைத்ததால். அபராதம் மாட்டிக்கொண்டவனுக்கு, உரிமம் எல்லோருக்கும். அடுத்த முறை விதி எழுதும்போது ஆற்றங்கரையில் இருப்பவரையும் ஒருவராகச் சேர்த்து எழுதினால், 1977இல் விட்டுப்போன பாதி நிறைவேறும்.