யொல்லாவின் சிறுபடகு: மாற்றுத் திறன்பேசி இயங்குதளங்களின் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

திறன்பேசி இயங்குதளங்களின் வரலாறு இன்று ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகிய இரண்டின் வெற்றிக் கதையாகச் சுருங்கிவிட்டது. ஏனைய முயற்சிகளெல்லாம் ‘செயலிகள் இல்லாததால் தோற்றன’ என்ற ஒரே வரியில் முடிக்கப்படுகின்றன. அந்த வரி பிழையானதன்று, ஆனால் போதுமானதுமன்று. ஃபின்லாந்தின் யொல்லா என்னும் சிறு நிறுவனத்தின் வரலாற்றைத் தொடர்ந்து படித்தால் இன்னொரு காரணமும் புலப்படும். பெருநிறுவனம் ஒன்றின் பிடியிலிருந்து விலகி நிற்க முயன்ற அந்நிறுவனம், ஒவ்வொரு கட்டத்திலும் வேறொரு புரவலரைச் சார்ந்தே பிழைக்க நேர்ந்தது. அப்புரவலர் தளர்ந்தபோதெல்லாம் நிறுவனமும் தளர்ந்தது.

தொடக்கம் நோக்கியாவில். 2010 பிப்ரவரியில் நோக்கியாவும் இன்டெலும் தத்தம் லினக்ஸ் திட்டங்களை இணைத்து மீகோ என்னும் இயங்குதளத்தை அறிவித்தன. சரியாக ஓராண்டு கழித்து, நோக்கியாவின் தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீஃபன் ஈலாப், எரியும் எண்ணெய்க் கிணற்று மேடையில் நிற்கும் மனிதனோடு தம் நிறுவனத்தை ஒப்பிட்டுப் பணியாளர்களுக்குக் குறிப்பு எழுதினார். அதையடுத்து மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் ஃபோனைத் தழுவும் முடிவு வெளியானது. மீகோ மரபில் வந்த என்9 கைப்பேசி அதே ஆண்டில் விற்பனைக்கு வந்து பாராட்டும் பெற்றது. ஆனால் அதன் எதிர்காலம் முன்னரே முடிவாகிவிட்டிருந்தது.

அத்திட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் 2011-இல் தொடங்கிய நிறுவனமே யொல்லா. ஃபின்னிய மொழியில் அச்சொல்லுக்குச் சிறுபடகு என்று பொருள். எரியும் மேடையிலிருந்து இறங்கியவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான். 2012 நவம்பரில் செயில்ஃபிஷ் இயங்குதளத்தை அறிமுகப்படுத்தினார்கள். நம் கடற்கரையில் மயில்மீன் எனப்படும் மீனின் பெயர் அது. 2013 நவம்பரில் முதல் கைப்பேசி விற்பனைக்கு வந்தது.

முதற்சிக்கல் செயலிகள். பயனர் குறைவாயின் செயலி எழுதுவோர் வரமாட்டார். செயலி இல்லையெனில் பயனர் வரமாட்டார். இதைக் கடக்க, ஆண்ட்ராய்டு செயலிகளையே தன் தளத்தில் இயக்கும் இடைமென்பொருளை யொல்லா இன்னொரு நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் சேர்த்தது. இது பயனருக்கு உதவியது. ஆனால் செயில்ஃபிஷுக்கெனத் தனியே செயலி எழுதும் தேவையையும் குறைத்தது. 1990-களில் ஐபிஎம்மின் ஓஎஸ்/2, விண்டோஸ் நிரல்களை இயக்கிக் காட்டியபோதும் இதே முரண் எழுந்தது. எதிராளியின் செயலிகளை நம்பி வாழும் தளம், எதிராளியின் விதிகளையும் ஏற்க வேண்டியதாகிறது.

இரண்டாவது சிக்கல் முதலீடு. 2014 நவம்பரில் டேப்லெட் ஒன்றைத் தயாரிக்க இணையவழித் திரள்நிதி கோரினார்கள். இலக்கு 3,80,000 டாலர்; திரண்டதோ 18 இலட்சம் டாலருக்கும் மேல். எனினும் 2015 இறுதியில் எதிர்பார்த்த முதலீடு தாமதமானது. பணியாளர் பலர் தற்காலிகமாக நிறுத்தப்பட்டனர். கடன் மறுசீரமைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. முன்பணம் கட்டியவர்களில் மிகப்பலருக்கு டேப்லெட் வந்து சேரவேயில்லை. ஆதரவாளர்களின் ஆர்வம் தொடக்கச் செலவுக்கு உதவலாம். தொழிற்சாலைக்கும் உதிரிபாகங்களுக்கும் மாதந்தோறும் தேவைப்படும் பணத்தை அது தராது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

மூன்றாவது கட்டத்தில் இந்தியா வருகிறது. 2014 செப்டம்பரிலேயே யொல்லா கைப்பேசி ஸ்னாப்டீல் வழியாக 15,499 ரூபாய்க்கு இங்கு விற்கப்பட்டது. பிறகு, வன்பொருளைத் தானே தயாரிப்பதை விட்டு இயங்குதளத்தைப் பிறருக்கு உரிமம் வழங்கும் வழிக்கு நிறுவனம் மாறியது. அதன் பயனாக 2016 ஜூலையில் இன்டெக்ஸ் நிறுவனத்தின் அக்வா ஃபிஷ் 5,499 ரூபாய் விலையில் வந்தது. ஆனால் அதே காலத்தில் ஷாவ்மி, விவோ, ஒப்போ முதலிய சீன நிறுவனங்களின் பெருக்கால் இன்டெக்ஸ், மைக்ரோமேக்ஸ் போன்ற இந்தியப் பெயர்களே சந்தையில் சரிந்துகொண்டிருந்தன. சிறுபடகு பற்றிய கயிறு, தானே தத்தளித்த கப்பலுடையது.

நான்காவது புரவலர் ரஷ்ய அரசு. அமெரிக்க நிறுவனங்களைச் சாராத கைப்பேசி தேவை என்ற நோக்கில் 2016-இல் ரஷ்யா செயில்ஃபிஷைத் தேர்ந்தெடுத்தது. அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான ரோஸ்டெலிகாம் 2018-இல் அதன் ரஷ்ய வடிவத்தைக் கைக்கொண்டது. 2019-இல் அவ்வடிவம் அவ்ரோரா என்று பெயர் மாறியது. யொல்லாவிலேயும் ரோஸ்டெலிகாமுக்குப் பங்கு இருந்தது. உயிர்காத்த அந்த உறவே 2022 உக்ரைன் போருக்குப் பின் பெருஞ்சுமையாயிற்று. 2023-இல் நீதிமன்ற வழி மறுசீரமைப்பின் மூலம் நிறுவனத்தின் தொழில், அதன் நிர்வாகத்தினர் தொடங்கிய புதிய நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. சுதந்திரத்தின் பெயரால் பிறந்த மென்பொருள், ஓர் அரசின் தன்னிறைவுக் கொள்கைக்குக் கருவியானதை அரசியல் பொருளாதார மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பின்புலமாகச் சந்தையின் கட்டமைப்பு இருக்கிறது. ஆண்ட்ராய்டின் மாற்று வடிவங்களைத் தயாரிப்பாளர்கள் வெளியிட முடியாதபடி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களை ஐரோப்பிய ஆணையம் 2018-இல் சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023-இல் சில உத்தரவுகளை நீக்கினாலும் அபராதத்தை நிலைநிறுத்தியது. தனி மரபில் வந்த செயில்ஃபிஷை இந்த ஒப்பந்தங்கள் நேரடியாகத் தடுக்கவில்லை. ஆயினும் கூகுளின் செயலிக் கடையை இழக்கத் துணியாத தயாரிப்பாளர்கள் நிறைந்த சந்தையில், மாற்றுத் தளத்துக்கு இடம்தர முன்வருவோர் விளிம்பிலுள்ளவர்களாகவே இருப்பார்கள். யொல்லாவுக்குக் கிடைத்த கூட்டாளிகளைப் பார்த்தால் இது விளங்கும்.

2023 ஜனவரியில் சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் ஒன்று பார்ஓஎஸ் தளத்தை அறிமுகப்படுத்தியபோது, ‘சுதேசி இயங்குதளம்’ என்ற சொல் நாடெங்கும் ஒலித்தது. அதுவும் ஆண்ட்ராய்டின் திறமூல நிரலையே அடித்தளமாகக் கொண்டது. அதில் இழுக்கில்லை, வெற்றிடத்தில் யாரும் தளம் கட்டுவதில்லை. ஆனால் இத்தகைய முயற்சிகளை ஆராயும்போது ‘இது யாருடைய நிரல்?’ என்று மட்டும் கேட்டு நிற்கக் கூடாது. வன்பொருள் யாரிடமிருந்து வருகிறது? செயலிகளை யார் தருகிறார்கள்? அடுத்த ஐந்தாண்டுச் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள்? அவர் விலகினால் என்ன ஆகும்?

செயில்ஃபிஷ் இன்றும் வெளிவருகிறது, சிறுபடகு மூழ்கிவிடவில்லை. அதன் பயணத்தைத் தோல்வி என்று கோப்பில் மூடிவிடாமல், மேற்கண்ட நான்கு கேள்விகளோடு மீண்டும் படிக்க ஆய்வு மாணவர் எவரேனும் முன்வந்தால், நம் நாட்டின் அடுத்த முயற்சிக்கு அது பயன்படும்.