ரயிலேறிய வதந்தி

1915 ஆம் ஆண்டுக் கலவரத்தை வகுப்பில் படிப்பிக்கும் போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "சேர், அந்த நேரம் போன் இல்லயே, எப்பிடி இவ்வளவு கெதியாப் பரவின?"

கேள்வி நியாயமானது. மே 28 வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலை ஊர்வலம் வாத்திய இசையோடு கடப்பது பற்றி எழுந்த தகராறு அது. மே 31 இல் கொழும்பை எட்டிவிட்டது. ஜூன் 2 இல் இராணுவச் சட்டம் வந்தது. அரசாங்கக் கணக்கின்படி 4,075 கடைகள் சூறையாடப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. சோனகர் விகாரைகளைத் தாக்க வருகிறார்கள் என்ற பேச்சு ரயில் பாதை வழியே ஊர் ஊராக இறங்கிச் சென்றது. 1867 முதல் கண்டிக்கும் கொழும்புக்கும் இடையில் கோப்பி சுமந்த அதே பாதை.

அச்சு மட்டும் புனிதமாக இருந்ததா? இல்லை. கரையோரச் சோனகருக்கு எதிராகச் சிங்களப் பத்திரிகைகள் அதற்கு முன்பே நிறைய எழுதியிருந்தன. ஆனால் பத்திரிகைக்கு ஒரு முகவரி இருக்கும். எழுதியவனைத் தேடிப் போகலாம்.

நூற்று மூன்று ஆண்டுகள் கழித்து, 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. உணவில் ஏதோ கட்டி கிடந்ததென்று வாடிக்கையாளர் சத்தமிடுகிறார். காசாளருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை. "போட்டோம்" என்ற பொருள்படத் தட்டுத்தடுமாறிச் சொன்னது கைப்பேசியில் பதிவாகி, மலட்டு மாத்திரை போட்டதற்கான வாக்குமூலமாக முகநூலில் ஓடியது. அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. கட்டி வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பின்னர் அறிவித்தது. அப்படி நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையே உலகில் இல்லை. ஆனாலும் 23,000 மாத்திரைகள் பிடிபட்டதாக இன்னொரு பொய் கிளம்பியது. எண்ணைச் சேர்த்தால் பொய்க்கு ஆதாரத்தின் தோற்றம் வந்துவிடுகிறது.

இரண்டாம் மொழியை நேரசூசியில் மட்டும் வைத்திருக்கும் நம் பாடசாலைகளை நினைத்து அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் காசாளர் நம் வகுப்பறைகளில் ஒன்றிலிருந்துதான் போயிருப்பார்.

மார்ச் 5 இல் திகன எரிந்தது. முந்திய மாதம் தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதியின் மரணம் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. மறுநாள் அவசரகாலச் சட்டம். மார்ச் 7 இல் அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் தடுத்தது. அதற்கு முன்பே வெறுப்புப் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, அவை விதிமீறல் அல்ல என்று பதில் வந்திருந்தது. சிங்களம் தெரிந்த ஆட்கள் அந்த நிறுவனத்தில் போதாமல் இருந்தனர். 2020 மே மாதம்தான் அது மன்னிப்புக் கேட்டது. சந்தைக்கு வரும்போது எல்லா மொழியும் தெரிகிறது, முறைப்பாட்டுக்கு மட்டும் தெரியவில்லை.

நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மார்ச் 6 இரவு, இஷாவுக்குப் பிறகு, எங்கள் ஊர் வாலிபர்களோடு நானும் பள்ளிவாசல் முற்றத்தில் நின்றேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து வாள்களுடன் நூறு பேர் புறப்பட்டுவிட்டார்கள் என்று வட்ஸ்அப்பில் வந்தது. யார் அனுப்பியது என்று பாராமல் மூன்று குழுக்களுக்கு நானும் தள்ளிவிட்டேன். வரலாறு படிப்பிக்கும் ஆசிரியன்.

பதினொரு மணியளவில் அந்தக் கிராமத்துச் சிங்கள ஆசிரியர் ஒருவர் அழைத்தார். பயிற்சிக் கலாசாலையில் என்னோடு படித்தவர், குரல் நடுங்கியது. "மச்சான், உங்கட ஊரால வாளோட நூறு பேர் வாராங்களாம், உண்மையா? நாங்க எல்லாரும் பன்சல வாசல்ல நிக்கிறோம்."

அவருக்கு வந்த செய்தியை வாசித்துக் காட்டச் சொன்னேன். எங்களுக்கு வந்ததேதான், ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருந்தது. நான் அனுப்பியதை அழிக்கப் பார்த்தேன். அழிக்கக்கூடிய நேரம் கடந்திருந்தது. மூன்று குழுக்களுக்கும் பொய்யென்று எழுதினேன். ஒரு குழுவில் மட்டும் ஒருவர் பதில் போட்டார்: "சேர், உங்களுக்கு யார் சொன்ன?"