கிழிந்த சட்டையும் கோட்டும்: காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குறித்து

தோழர்களே, தாமிரபரணிக் கரையில் கூடி சென்னை இசைக்குழு ஒன்றைப் பற்றிப் பேசுவது ஏன் என்று கேட்கலாம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்கள்மீது காவல்துறை தடியடி நடத்தியதில் 17 பேர் இந்த ஆற்றில் மாண்டார்கள். அவர்களை நினைக்கும் நமக்குச் சாவும் பாட்டும் தனித்தனி அல்ல. வடசென்னையின் கானாவும் சாவு வீட்டில் வளர்ந்ததுதான்.

1976இல் லண்டனில் பங்க் ராக் எழுந்தது. தேர்ந்த வாசிப்பும் பெரிய நிறுவனமும் வேண்டாம், கோபமும் மூன்று கார்டுகளும் போதும் என்றார்கள் அந்த இளைஞர்கள். அதே ஆண்டு எரிக் கிளாப்டன் மேடையில் குடியேறிகளை இழிவாகப் பேசியபோது 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் வெள்ளையரின் தி க்ளாஷும் கறுப்பினத்தவரின் ஸ்டீல் பல்ஸும் ஒரே மேடையில் வாசித்தன.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2018 ஜனவரி 6 அன்று, கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. பெயர் அயோத்திதாசரின் 'சாதி பேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்தது. கானா, ராப், ராக் மூன்றும் கலந்தன. கிடாருக்குப் பக்கத்தில் பறையும் சட்டியும் ஒலித்தன. இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடினார்கள். பங்க் இளைஞர்கள் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். இவர்களோ கோட்டு அணிந்து வந்தார்கள். கிழிந்த சட்டை நமக்குக் கலகம் அல்ல, அது நம்மேல் திணிக்கப்பட்டது. அம்பேத்கர் கோட்டு அணிந்ததன் பொருள் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சினிமாக்காரரின் ஆதரவில் நின்ற குழு எப்படிச் சுயாதீனமானது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் கதாநாயகனுக்காகப் பாட்டெழுதும் கட்டாயம் அங்கே இல்லை. அறிவு போன்றவர்கள் அந்த மேடையிலிருந்துதான் பரவலாக அறியப்பட்டார்கள். நாம் வைக்கும் குறை வேறு: தொடக்கத்தில் 19 பேரில் பெண் இசைவாணி ஒருவரே. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற அவர், பெண்களின் கோயில் நுழைவு பற்றி 2018இல் பாடிய ஐயப்பன் பாட்டுக்காக 2024இல் புகார்களையும் மிரட்டல்களையும் சந்தித்தார். குழுவின் பாட்டுக்கு வந்த எதிர்ப்பின் பாரம் ஒரு பெண்ணின் தலையில்தான் இறங்கியது.

இந்தக் குழுவைப் பார்த்து நம் பிள்ளைகளும் மன்றத்துக்குப் பறை வாங்கக் கேட்டார்கள். மூத்தவர்கள் மறுத்தார்கள். ஊரார் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைப்பதற்கு அடி வாங்கிய தலைமுறை அது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு பறையை விடுதலையின் கருவியாக்கியதைச் சொன்னோம். "மேடையில் அடிச்சா கைதட்டுவான், தெருவில் அடிச்சா கூலி கேட்கச் சொல்லுவானா?" என்றார் ஒரு பெரியவர்.

பறை வாங்கிவிட்டோம். அந்தப் பெரியவர் இன்னும் ஒத்திகைக்கு வரவில்லை.